தறிக்காரர் மகன் சட்டம் படிக்கலாமா?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சங்கரன்கோவில் கட்சி ஆபீசில் சந்தாக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விசைத்தறித் தொழிலாளி ஒருவர் தம் மகனையும் அழைத்துக்கொண்டு வந்தார். நாற்பது வருடமாகத் தறியில் நிற்கும் மனிதர். சங்கம் அமைத்த நாள் முதல் சந்தா பாக்கி வைக்காதவர். மகனுக்கு வயது முப்பத்தாறு. சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் என்ஜினீயர்.

உட்கார்ந்ததும் உட்காராததுமாகத் தகப்பனார் ஆரம்பித்தார்:

"ராத்திரி ஷிப்டு பாத்து ஷிப்டு பாத்து இவன என்ஜினீயருக்குப் படிக்க வச்சேன் தோழர். மாசம் பொறந்தா சம்பளம் வருது. வீட்டுக் கடன் ஓடுது. ரெண்டு புள்ளைங்க இருக்கு. இப்பப் போயி வேலைய விட்டுட்டு வக்கீலுக்குப் படிக்கப் போறேங்கான். நீங்களே நாலு வார்த்த கேளுங்க."

மகன் தலை குனிந்து இருந்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்:

"எங்க டீம்ல பதினோரு பேர ஒவ்வொருத்தரா ரூமுக்குக் கூப்பிட்டாங்க அண்ணாச்சி. நீயே ராஜிநாமா எழுதிக் குடுத்தா நல்ல சர்டிபிகேட்டு, இல்லன்னா வேற மாதிரின்னாங்க. பதினோரு பேரும் கையெழுத்துப் போட்டுட்டு வந்தாங்க. அதுல என்ன சட்டம், எங்க போய்க் கேக்கணும், ஒருத்தனுக்கும் தெரியல. எனக்கும் தெரியல. அதான்."

நான் உடனே பதில் சொல்லவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னேன். இந்தக் கேள்வி அந்த ஒரு வீட்டுக் கேள்வி அல்ல. மில்லிலும் தறியிலும் வயலிலும் உழைத்துப் பிள்ளைகளைக் கம்ப்யூட்டர் படிப்புக்கு அனுப்பிய எத்தனையோ வீடுகளில் இன்று இதே பேச்சு நடக்கிறது. ஆகவே, அவனுக்குச் சொன்னதை உங்கள் எல்லோருக்கும் சொல்கிறேன்.

பெயர்தான் வேறு

கம்ப்யூட்டர் வேலை என்றால் குளிர்ந்த அறை, சுழல் நாற்காலி, கை நிறையச் சம்பளம் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். நாற்காலி சுழலுவது உண்மை. அதில் உட்கார்ந்திருப்பவன் கூலிக்கு உழைப்பவன் என்பதும் உண்மை. மில்லில் ஆட்குறைப்பு என்று சொல்வதை அங்கே இனிமையான வேறு பெயர்களால் சொல்லுகிறார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

2025 ஜூலையில் டாட்டா கன்சல்டன்ஸி கம்பெனி தன் ஆட்களில் நூற்றுக்கு இரண்டு பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. நூற்றுக்கு இரண்டு என்றால் சின்னக் கணக்குப் போலத் தோன்றும். ஆனால் அது பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்ட குடும்பம்! பெரும்பாலும் நடுவயதுக்காரர்கள், பத்துப் பதினைந்து வருடம் உழைத்தவர்கள்.

மில் தொழிலாளியை ஆட்குறைப்புச் செய்தால் ஒரு மாத நோட்டீசு கொடுக்க வேண்டும். வேலை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் பதினைந்து நாள் சம்பளம் கொடுக்க வேண்டும். இது நெடுங்காலச் சட்டம். புதிய தொழிலுறவுத் தொகுப்பிலும் இது நிற்கிறது. இதிலிருந்து தப்ப முதலாளிக்கு இருக்கும் சுலபமான வழி என்ன? தொழிலாளி தானாகவே போனதாக அவன் கையாலேயே எழுதி வாங்கிவிடுவது! சங்கரன்கோவில் தறிப்பட்டறையில் வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்குவதும், சென்னைக் கண்ணாடிக் கட்டிடத்தில் ராஜிநாமா எழுதி வாங்குவதும் ஒரே சூழ்ச்சிதான்.

இன்னொரு சூழ்ச்சியும் உண்டு. பெயர் சூட்டுவது. பீஸ் கணக்கில் நெய்பவனை "நீ எனக்குத் தொழிலாளியே அல்ல, குத்தகைக்கு நெய்பவன்" என்று சொல்லி நம் உரிமைகளை மறுக்கிறார்கள் அல்லவா? கம்ப்யூட்டர்காரனை "நீ தொழிலாளி அல்ல, மேலாளர்" என்று சொல்லி மறுக்கிறார்கள். ஒருவனைத் தாழ்த்திப் பெயர் வைக்கிறார்கள், ஒருவனை உயர்த்திப் பெயர் வைக்கிறார்கள். இருவருக்கும் கிடைப்பது பட்டை நாமம்!

ஆனால் இந்தப் பெயர்களைக் கிழித்துக் காட்டியவர்களும் உண்டு. கோழிக்கோட்டில் ஒரு கயிற்றுத் தொழிற்சாலை. அங்கே ஒப்பந்தக்காரர் மூலம் வேலை செய்தவர்களைத் தன் தொழிலாளிகளே அல்ல என்றார் முதலாளி. 1978-ல் சுப்ரீம் கோர்ட்டில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தீர்ப்பளித்தார். யாருடைய தொழிலுக்காக உழைக்கிறார்கள், யார் கையில் அவர்களுடைய பிழைப்பு இருக்கிறது என்பதைப் பார். நடுவில் நிற்கும் காகிதத்தைப் பார்க்காதே என்பது அத்தீர்ப்பின் சாரம். கம்ப்யூட்டர் துறையிலும் அப்படியே நடந்தது. 2015-ல் டாட்டா கன்சல்டன்ஸி வெளியேற்றிய ஓர் என்ஜினீயர் சென்னைத் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போனார். அவர் மேலாளர், ஆகவே தொழிலாளி அல்ல என்று கம்பெனி வாதாடியது. ஏழு வருடம் விடாமல் நின்றார். 2022-ல் அவரை மறுபடி வேலைக்கு எடுக்கவும், இடைக்காலச் சம்பளத்தைக் கொடுக்கவும் உத்தரவாயிற்று.

அதற்கிடையில் 2016-ல் தமிழ்நாட்டு சர்க்காரும், கம்ப்யூட்டர் கம்பெனி ஊழியர்கள் சங்கம் வைத்துக்கொள்ளத் தடையில்லை என்று தெளிவாக்கியது. ஆகவே அந்தத் தம்பி முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இது: தன் கூட்டாளிகளுக்கு உதவ அவன் வக்கீலாகும் வரை காத்திருக்கத் தேவையில்லை. பதினோரு பேர் ஒருவர் பின் ஒருவராக அறைக்குள் போனதால்தான் கையெழுத்து விழுந்தது. பதினோரு பேரும் ஒன்றாகப் போயிருந்தால்?

படிப்பின் பாதை

இனி அவன் கேட்ட கேள்விக்கு வருவோம். முப்பத்தாறு வயதில் சட்டம் படிக்க முடியுமா?

முடியும். ஆனால் இந்தக் கதவும் தானாகத் திறந்ததல்ல. 2008-ல் பார் கவுன்சில் போட்ட விதியில், மூன்று வருடச் சட்டப் படிப்புக்கு முப்பது வயதுக்கு மேற்பட்டவர் சேரக் கூடாது என்று இருந்தது. இடையில் அதை வாபஸ் வாங்கினார்கள். 2016-ல் மறுபடி கொண்டுவந்தார்கள். 2017-ல் சுப்ரீம் கோர்ட்டு அதை நிறுத்தி வைத்தது. யோசித்துப் பாருங்கள்: பணக்கார வீட்டுப் பிள்ளை இருபது வயதில் தனக்குப் பிடித்ததைப் படிப்பான். நம் வீட்டுப் பிள்ளை முதலில் தங்கை கல்யாணத்துக்கும் தகப்பன் கடனுக்கும் சம்பாதித்துவிட்டு, முப்பது தாண்டித்தான் தனக்கென்று ஒரு ஆசைப்பட முடியும். வயது வரம்பு யார் தலையில் விழுந்தது என்பது விளங்குகிறதல்லவா?

பட்டப் படிப்பில் நூற்றுக்கு 45 மார்க்கு வேண்டும். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கு 40 போதும். டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சர்க்கார் கல்லூரிகளில் பட்டப் படிப்பு மார்க்கை வைத்தே இடம் தருகிறார்கள். திருநெல்வேலியில் 1996 முதல் சர்க்கார் சட்டக் கல்லூரி இருக்கிறது. நம் ஊரிலிருந்து பஸ்ஸில் போய் வரும் தூரம்தான்.

இங்கே இன்னொன்றையும் சொல்லிவைக்கிறேன். எங்களைப் போல் பத்தாம் வகுப்போடு நின்றவர்கள் சிலர், நேரே திறந்தவெளிப் பல்கலைக்கழகத்தில் ஒரு பட்டம் வாங்கிவிட்டால் வக்கீலுக்குப் படித்துவிடலாம் என்று பணம் கட்டுகிறார்கள். அது செல்லாது. பத்தும், பன்னிரண்டும், பட்டமும் வரிசையாக முடித்திருக்க வேண்டும். தபால் மூலம் சட்டம் படித்தவரும் கோர்ட்டில் நிற்க முடியாது. ஏமாறாதீர்கள்.

மூன்று வருடமும் பகல் வகுப்பு. நூற்றுக்கு எழுபது வகுப்புக்கு வந்தாக வேண்டும் என்பது விதி. பகலில் கம்பெனி, இரவில் படிப்பு என்பது ஒத்துவராது. சில இடங்களில் பணம் வாங்கிக்கொண்டு, வகுப்புக்கு வராமலே வருகை போட்டுத் தருவதாகச் சொல்லும் தரகர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கையில் சிக்குகிறவன் சட்டத்தைப் படிப்பதற்கு முன்பே சட்டத்தை மீறுகிறான். அப்படிப் படித்தவனிடம் நம் வழக்கைக் கொடுக்க முடியுமா?

படிப்பு முடிந்ததும் பார் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். இதற்குப் பல மாநிலங்களில் பல்லாயிரம் ரூபாய் வசூல் செய்துவந்தார்கள். 1961-ம் ஆண்டு வக்கீல்கள் சட்டம் சொல்வதோ 750 ரூபாய். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கு 125 ரூபாய். அதற்கு மேல் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலை 30-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. பிறகு அகில இந்திய பார் தேர்வு ஒன்றையும் எழுதித் தேற வேண்டும். வக்கீலாகப் பதிந்துவிட்டால் மாதச் சம்பளத்துக்கு முழு நேர வேலை பார்க்கக் கூடாது. பழைய நாற்காலிக்கு ஒரு கால், கோர்ட்டுக்கு ஒரு கால் என்று நிற்க முடியாது.

சர்க்கார் கல்லூரியில் சம்பளம் பெரிய பாரம் அல்ல. மூன்று வருடம் வருமானம் நிற்கிறதே, அதுதான் செலவு. அதற்குப் பின்னும் வருமானம் உடனே வராது. சீனியர் வக்கீலிடம் கட்டுத் தூக்கிக்கொண்டு சில வருடம் நிற்க வேண்டும். ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000, மற்ற ஊர்களில் 15,000 ரூபாயாவது கொடுக்க வேண்டும் என்று 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அதே வருடம் அக்டோபரில் அகில இந்திய பார் கவுன்சில், இது சிபாரிசுதான், கட்டாயம் இல்லை என்கிற பாணியில் சுற்றறிக்கை விட்டது. ஊருக்கெல்லாம் குறைந்தபட்சக் கூலிக்கு வாதாடும் கறுப்புக் கோட்டுக்குள்ளேயே குறைந்தபட்சக் கூலி இல்லை!

ஆகவே தகப்பனாருடைய பயம் நியாயமானது. அதைப் பிற்போக்கு என்று யாரும் தள்ளிவிடக் கூடாது. மூன்று வருடப் படிப்பு, மூன்று நான்கு வருட ஜூனியர் காலம், அதற்கிடையில் வீட்டுக் கடன். இந்தக் கணக்கைப் போடாமல் எடுக்கும் முடிவு வீரம் அல்ல.

இன்னொரு ஆசையையும் வைத்துக்கொள்ளக் கூடாது. "கம்ப்யூட்டரே இப்போது புரோகிராம் எழுதுகிறது, அங்கே இனி வேலை நிலைக்காது, சட்டத்தில் அந்தப் பயம் இல்லை" என்றும் அவன் சொன்னான். கைத்தறியை விசைத்தறி விழுங்கியது. விசைத்தறியை நாடா இல்லாத தறி விழுங்குகிறது. மனு எழுதவும் பழைய தீர்ப்பைத் தேடவும் இன்று இயந்திரம் வந்துவிட்டது. இயந்திரத்துக்குப் பயந்து ஓடினால் ஓடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். இயந்திரம் யார் கையில் இருக்கிறது என்பதல்லவா கேள்வி!

நான் செய்த தவறு

இவ்வளவும் சொன்ன பிறகு, "அப்படியானால் வேண்டாம் என்கிறீர்களா?" என்று கேட்பீர்கள். அதற்குப் பதிலாக என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

தொழிலாளர் நீதிமன்றத்தில் தொழிலாளிக்காகப் பேச வக்கீல் பட்டம் வேண்டியதில்லை. பதிவு பெற்ற சங்கத்தின் நிர்வாகி பேசலாம். சமரச அதிகாரி முன்னால் நடக்கும் பேச்சிலோ வக்கீலுக்கு இடமே இல்லை. 1947-ம் ஆண்டுச் சட்டத்திலேயே இந்த ஏற்பாடு இருந்தது. புதிய தொகுப்பிலும் இருக்கிறது. அந்த உரிமையால்தான் எஸ்.எஸ்.எல்.சி. படித்த நான் இருபது வருடமாகத் திருநெல்வேலிக்குக் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு போய் வருகிறேன். சில வழக்குகளில் வென்றோம். சில வழக்குகளில் தோற்றோம்.

அதில் ஒன்றைத் தோற்றது சட்டத்தால் அல்ல, முதலாளியால் அல்ல, என்னால். நூற்பாலை ஒன்றில் ஒரு தொழிலாளியை நீக்கிவிட்டார்கள். மில்லின் பெயர் வேண்டாம். "பெரிய முதலாளி ஊரிலிருந்து வரட்டும், எடுத்துக்கொள்கிறோம்" என்று மானேஜர் வாரம் தவறாமல் சொல்லிக்கொண்டே இருந்தார். நானும் நம்பினேன். பேச்சு, மறு பேச்சு என்று நாள் போயிற்று. கடைசியில் நீதிமன்றத்துக்குப் போனபோது, நீக்கிய நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் வந்திருக்க வேண்டும், ஒரு மாதமும் சில நாட்களும் கடந்துவிட்டன என்றார் எதிர்த்தரப்பார். 2010-ம் ஆண்டுத் திருத்தத்தில் அந்தக் கெடு இருந்தது. நான் அதைப் படித்திருக்கவில்லை. மனு தள்ளுபடியாயிற்று.

அந்தத் தொழிலாளி என்னைத் திட்டவில்லை. வெளியே வந்ததும் டீ வாங்கிக் கொடுத்தார். "நீங்க என்ன செய்வீங்க தோழர்" என்றார். அந்த டீயின் கசப்பு இன்றும் என் நாக்கில் இருக்கிறது. சட்டம் தெரிந்த ஒருவன் அன்று சங்கத்தில் இருந்திருந்தால் அவர் வேலை போயிருக்காது.

இன்று அந்தத் தேவை இன்னும் பெருகிவிட்டது. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை அமலுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். 29 பழைய சட்டங்களை மடித்து நான்காக்கியிருக்கிறார்கள். தொழிற்சங்கச் சட்டமும் தொழில் தகராறுச் சட்டமும் நிலையாணைச் சட்டமும் ஒன்றாகிவிட்டன. வேலை நீக்கத்தை எதிர்த்துப் போக இருந்த மூன்று வருடம் இப்போது இரண்டு வருடம்! சர்க்கார் அனுமதி பெற்றுத்தான் ஆட்குறைப்புச் செய்யலாம் என்பது முன்பு 100 பேர் வேலை செய்யும் மில்லுக்கு இருந்தது. இப்போது 300 பேர் இருந்தால்தான். வேலைநிறுத்தத்துக்குப் பதினான்கு நாள் முன்னறிவிப்பு வேண்டும். நாங்கள் இருபது வருடமாக மனப்பாடம் செய்த பிரிவு எண்கள் எல்லாம் மாறிவிட்டன. நேற்றுத் தெரிந்தது இன்று பயன்படாது. வயல் வேலை செய்பவருக்கோ 1976-ம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம், 1989-ம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் என்று காகிதத்தில் அரண் இருக்கிறது. அந்தக் காகிதத்தைப் போலீஸ் ஸ்டேஷனில் விரித்து வைத்துப் பேச ஆள் இல்லை.

ஆகவே நமக்கு வக்கீல் வேண்டும். நம் வீட்டு வக்கீல் வேண்டும்.

வக்கீலால் ஆவதும் ஆகாததும்

ஆனால் வக்கீல் ஒருவரே நம்மைக் கரையேற்றிவிடுவார் என்று நினைத்தால் அது இன்னொரு தவறு.

2021-ல் "ஜெய் பீம்" என்ற படம் வந்தது. அந்தத் தம்பியும் அதைப் பார்த்து மனம் உருகியவன். வழக்கு நிஜமாக நடந்தது. 1993-ல் போலீஸ் காவலில் கொல்லப்பட்ட ராஜாக்கண்ணுக்காக நின்றவர் வக்கீல் சந்துரு. பின்னர் 2006 முதல் 2013 வரை சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தவர். படத்தில் வக்கீலைத்தான் அதிகம் பார்க்கிறோம். ஆனால் மிரட்டலுக்கும் பணத்துக்கும் மசையாமல் ஒரு ஏழைப் பெண் நின்றாள். அவளுக்குத் துணையாக உள்ளூர் இயக்கத் தோழர்கள் நின்றார்கள். அவர்கள் நிற்காவிட்டால் வழக்கு எங்கே, வக்கீல் எங்கே?

வாச்சாத்தியைப் பாருங்கள். 1992 ஜூன் 20-ல் வனத்துறையும் போலீசும் வருவாய்த் துறையும் சேர்ந்து அந்த மலைமக்கள் கிராமத்தைச் சூறையாடின. பதினெட்டுப் பெண்கள் மானபங்கப்படுத்தப்பட்டார்கள். 2011-ல் தருமபுரி நீதிமன்றம் உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. 2023-ல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. முப்பத்தோரு வருடம்! அத்தனை வருடமும் சாட்சிகளைக் கலையாமல் காத்தது எது? ஸ்தாபனம் அல்லவா?

மறுபக்கத்தையும் மறக்கக் கூடாது. 1968 டிசம்பர் 25-ல் கீழவெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 உயிர்களை எரித்தார்கள். கூலி கேட்ட விவசாயத் தொழிலாளிகளின் குடும்பங்கள். அந்த வழக்கில் தண்டிக்கப்பட்ட மிராசுதார்கள் உயர் நீதிமன்றத்தில் விடுதலையானார்கள். சட்டப் புத்தகம் இருந்தது, கோர்ட்டு இருந்தது, வக்கீல்கள் இருந்தார்கள். எரிந்தவர்களுக்கு நியாயம் இல்லை. சட்டம் தராசு என்கிறார்கள். தராசுத் தட்டு எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பது நம் வேலை.

கறுப்புக் கோட்டுப் போட்டு மக்களோடு நின்றவர்கள் நம் பக்கத்திலேயே இருந்தார்கள். ஒட்டப்பிடாரத்து வ.உ.சிதம்பரம் பிள்ளை வக்கீல்தான். 1908-ல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளிகளோடு நின்றார். அதே வருடம் சிறைக்குப் போனார், சன்னதும் போயிற்று. திரும்பி வந்தபோது வறுமை வாட்டியது. பிறகு சன்னது திரும்பக் கிடைத்துக் கோவில்பட்டியில் தொழில் நடத்தினார். சென்னை சிங்காரவேலர் வக்கீல்தான். ஒத்துழையாமைக் காலத்தில் கவுனை எரித்தார். 1923-ல் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடினார். மேலே சொன்ன கிருஷ்ணய்யர் தலச்சேரியில் விவசாயிகளுக்கும் தொழிலாளிகளுக்கும் வாதாடியவர். 1957-ல் கேரள மந்திரியானவர். லெனினும் 1892-ல் சமாராவில் ஏழைகளுக்காகக் கோர்ட்டில் நின்றவர்தான். இவர்கள் எல்லோரும் சட்டத்தைத் தெரிந்துகொண்டார்கள். சட்டத்தோடு நின்றுவிடவில்லை.

என் அபிப்பிராயம்

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் பிள்ளையும் வந்தார்கள். நான் சொன்னது இதுதான்.

"தம்பி, படி. ஆனால் மூன்று விஷயத்தை யோசித்துவிட்டுப் படி.

முதலாவது, கோபத்தில் இன்றைக்கே வேலையை எறியாதே. இன்னும் ஒரு வருடமாவது சம்பளம் வாங்கு. வீட்டுக் கடனில் பெரும்பகுதியை அடை. அந்த ஒரு வருடத்தில் உன் கம்பெனியில் ஒரு சங்கத்துக்கு அடிக்கல் போடு. கையெழுத்துப் போட்டுவிட்டு வந்த பதினோரு பேரில் எவருக்காவது இரண்டு வருடக் கெடு முடியவில்லையானால் இன்றே அழைத்து வா. ராஜிநாமாவை மிரட்டி வாங்கினார்கள் என்று காட்ட முடியுமா என்று பார்ப்போம். அதுதான் உன் முதல் பாடம்.

இரண்டாவது, யாரையும் கேட்காமல் சென்னையிலேயே பெரிய ஆபீசில் கம்பெனிகளுக்கு ஒப்பந்தம் எழுதப் போய்விடாதே. கம்ப்யூட்டரும் தெரிந்து சட்டமும் தெரிந்தவனுக்கு அங்கே விலை உண்டு என்பது எனக்கும் தெரியும். போனால் குற்றம் என்று சொல்ல மாட்டேன். உன் பிழைப்பு உன்னுடையது. ஆனால் அன்று அறைக்குள் பதினோரு பேரைக் கூப்பிட்டவர்களுக்கு அந்தக் கடுதாசியை எழுதிக் கொடுத்ததும் சட்டம் படித்த ஒருவன்தான். அதை மறந்துவிடாதே.

மூன்றாவது, வக்கீலானாலும் சங்கத்தில் நிர்வாகியாக இரு. தொழிலாளர் கோர்ட்டில் வக்கீல் என்று வந்தால் எதிர்த்தரப்பு சம்மதிக்க வேண்டும், நீதிமன்றமும் அனுமதிக்க வேண்டும். வக்கீலாக இருப்பவர் சங்க நிர்வாகியாகவும் இருந்தால் நிர்வாகி என்ற உரிமையில் நிற்கலாம் என்று பாரதீப் துறைமுக வழக்கில் 1976-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கிறது. முதலாளிமார் தங்கள் சம்மேளனத்தில் வக்கீல்களை நிர்வாகி ஆக்கி இதே வழியில் நெடுநாளாக நுழைகிறார்கள். நாமும் நுழைவோம்."

இனி தோழர்களே, உங்களுக்கு.

ஒரு பையன் ஏழு வருடம் வருமானம் இல்லாமல் நமக்காகச் சட்டம் படித்துக்கொண்டு வர வேண்டும் என்று சொல்லிவிட்டு நாம் கையைக் கட்டிக்கொண்டிருக்கலாமா? அது அவனைச் சுரண்டுவதாகும். தறிச் சங்கம், மில் சங்கம், விவசாயத் தொழிலாளர் சங்கம் மூன்றும் சேர்ந்து இந்த வட்டாரத்துக்கு ஒரு சட்ட நிதி வைக்க வேண்டும். ஆளுக்கு மாதம் பத்து ரூபாய் போதும். ஆயிரம் பேர் கொடுத்தால் பதினாயிரம் ரூபாய். ஒரு ஜூனியர் வக்கீலின் வீட்டில் அடுப்பு எரிய அது துணை நிற்கும். நாம் கொடுத்தால்தான் கணக்குக் கேட்கும் உரிமையும் நமக்கு வரும்.

அதுவரை இருக்கிற உரிமையையாவது உபயோகியுங்கள். 1987-ம் ஆண்டுச் சட்ட உதவிச் சட்டப்படி தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், பெண்கள், ஆலைத் தொழிலாளிகள் இவர்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுக்க வேண்டும். தாலுகா சட்டப் பணிகள் குழுவில் மனுக் கொடுக்கலாம். வேலையிலிருந்து நிறுத்தினால் அன்றைய தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். "பார்க்கலாம்" என்று எவர் சொன்னாலும் அந்த வாரமே சங்கத்துக்கு வாருங்கள். நானும் இப்போது சங்க ஆபீசுச் சுவரில் ஒவ்வொரு வழக்கின் கெடு தேதியையும் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

நான் பேசி முடித்ததும் தகப்பனார் சிறிது நேரம் சும்மா இருந்தார். பிறகு மகனைப் பார்த்தார்.

"ஒரு வருசம் கழிச்சுத்தான?" என்றார்.

"ஆமாப்பா."

"அப்ப நானும் ஒரு வருசம் சேத்து நெய்யுதேன்" என்று எழுந்தார்.

அறுபது வயதைத் தாண்டிய மனிதர் மகனுக்காக இன்னும் ஒரு வருடம் தறியில் நிற்கத் தயாராயிருக்கிறார். அவரைத் தனியாக நிற்க விடலாமா? சட்ட நிதிக்கு முதல் பத்து ரூபாயை அன்றே அவர்தான் மேஜை மேல் வைத்துவிட்டுப் போனார். இரண்டாவது பத்து ரூபாய் என்னுடையது. மூன்றாவது யாருடையது?